பினாங்கில் ஒரு பகல்: ஊரா, மலையா?

பயணக் கப்பலில் வந்து ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. அதைத் தாண்டினால் குட்டி இந்தியா, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஜார்ஜ் டவுனுக்கு வண்டியே தேவையில்லை. மதியம் நாசி கண்டார் சாப்பிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு வைத்துச் சுமந்து விற்ற சோறு அது. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்ல மறக்காதீர்கள், ருசியே அந்தக் கலவையில்தான். குறை ஒன்றுதான்: வெயில். பன்னிரண்டு மணிக்கு மேல் முதியவர்கள் தளர்ந்துவிடுவார்கள்.

பினாங்கு மலையில் அந்தத் தொல்லை இல்லை. 1923 முதல் ஓடும் இழுவை ரயில் சுமார் 700 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிவிடுகிறது. குளிர்ந்த காற்று, கீழே ஊரும் கடலும் பாலமும். வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி புத்த கோயிலையும் பார்க்கலாம். ஆனால் மேகம் மூடினால் வெறும் வெள்ளைத் திரைதான். வார இறுதியில் ரயில் வரிசையும், திரும்பும் சாலை நெரிசலும் கப்பல் நேரத்தை விழுங்கும்.

முதல்முறை வருபவருக்கு நான் ஊரையே சொல்வேன். ஏற்கெனவே ஊரைப் பார்த்தவர், வானம் தெளிந்த வார நாளாக இருந்தால், இறங்கியவுடன் மலைக்குக் கிளம்பலாம். இரண்டையும் ஒரே பகலில் திணிப்பவர்கள் பெரும்பாலும் டாக்சியின் பின்னிருக்கையைத்தான் பார்க்கிறார்கள்.