அந்தப் பன்னிரண்டு சொற்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்

வீட்டுப் பெரியவர்களுக்கு கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணத்தைக் கையாளும் செயலி) போட்டுக் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு இன்றைக்கே அவர்களிடம் பேசுங்கள்.

எங்கள் சித்தப்பாவின் வாலட்டைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். பிட்காயின் வாங்குவது, அனுப்புவது எல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும். வாலட்டுக்கே சாவி மாதிரியான, கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் பணத்தை எடுத்துவிடக்கூடிய மீட்புச் சொற்கள் பன்னிரண்டையும் நோட்டில் எழுதி பீரோவில் பூட்டித்தான் வைத்திருந்தார். ஒருநாள், அனுப்பிய பணம் வெகுநேரம் ‘பெண்டிங்’ என்றே காட்டியிருக்கிறது. கட்டணம் குறைவாக வைத்து, நெட்வொர்க்கிலும் நெரிசல் இருந்தால் அப்படித்தான் காட்டும். பேசாமல் காத்திருந்தால் போதும். அவர் பதறிப்போய் ஒரு குழுவில் கேட்டுவிட்டார்.

உடனே வாலட் கம்பெனியின் லோகோவோடு ஒருவன் தனியாக மெசேஜ் அனுப்பினான். “கவலைப்படாதீங்க சார், உங்க வாலட்டை சர்வரோட மறுபடி இணைக்கணும், அவ்வளவுதான்.” கூடவே ஒரு லிங்க். திறந்தால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட கட்டங்கள். நிறம், எழுத்து எல்லாம் அசல் மாதிரியே. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டைப் பார்த்து, ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் தட்டியிருக்கிறார். அப்புறம் என்ன, அத்தனையும் போய்விட்டது. வங்கி என்றால் உடனே போன் செய்து நிறுத்தச் சொல்லலாம். பிட்காயினில் உறுதியாகிவிட்ட பரிமாற்றத்தைத் திருப்பித்தர யாருமே கிடையாது.

அந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. சரியான பன்னிரண்டை ஊகித்துக் கண்டுபிடிப்பது யாராலும் ஆகாது. அதனால்தான் நம் வாயிலிருந்தே பிடுங்கப் பார்க்கிறார்கள். உண்மையான சப்போர்ட் ஆட்களுக்கு அவை தேவையே இல்லை.

இதோடு விட்டார்களா? பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இன்னொருவன் வந்தான். எந்த முகவரிக்குப் போனது, எவ்வளவு போனது என்று துல்லியமாகச் சொன்னதும் சித்தப்பா அசந்துபோனார். அந்த விவரம் பிளாக்செயினில், அதாவது பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுக் கணக்கேட்டில், எல்லோரும் பார்க்கும்படி கிடப்பதுதான். முன்கட்டணம் கேட்டபோது சித்தி குறுக்கே வந்து தடுத்துவிட்டார், நல்லவேளை.

உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே அந்தச் சொற்களைக் கொடுத்திருந்தால், பாஸ்வேர்டு மாற்றுவதில் பயனில்லை. புதுச் சொற்களோடு புது வாலட் உருவாக்கி, மிச்சமிருப்பதை உடனே அதற்கு மாற்றுங்கள். பழைய வாலட்டில் இனி ஒரு பைசாகூடப் போடாதீர்கள்.