கணையத்துல நீர்க்கட்டி: ஸ்கேனா, சிஇஏவா, ஜீன் டெஸ்டா?

வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய் கணையத்துல சிஸ்ட் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா அன்னிக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. எடுத்துடலாம்னு சட்டுனு சொல்லவும் முடியாது, ஏன்னா கட்டி கணையத்தோட தலைப்பக்கம் இருந்தா விப்பிள் ஆபரேஷன், அதுல கணையத்தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் சேர்ந்து போகும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே ரிஸ்க் எவ்ளோன்னு தெரிஞ்சாகணும்.

முதல்ல ஸ்கேன். என்னோட ஓட்டு இதுக்குத்தான். 2017 ஃபுகுவோகா சர்வதேச வழிகாட்டுதல்படி மூணு விஷயம் பெரிய அபாய மணி: கட்டி தலைப்பக்கம் இருந்து அதனால மஞ்சள் காமாலை, கட்டிச் சுவர்ல ஸ்கேன் சாயத்த (கான்ட்ராஸ்ட்) ஏத்துக்குற 5 மி.மீ. இல்ல அதுக்கு மேல முடிச்சு, கணையத்தோட முக்கியக் குழாய் (மெயின் டக்ட்) 10 மி.மீ. இல்ல அதுக்கு மேல வீங்குறது. இதுல எது இருந்தாலும் ஆபரேஷன் பேச்சுதான். கட்டி 3 செ.மீ., டக்ட் 5-லேர்ந்து 9 மி.மீ. மாதிரி இருந்தா கவலைக்குரியதுன்னு எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புவாங்க. 2018 ஐரோப்பிய வழிகாட்டுதல் சைஸ் விஷயத்துல கொஞ்சம் பொறுமை, அங்க 4 செ.மீ. தான் கணக்கு. 2015-ல அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் (ஏஜிஏ) தந்த வழிகாட்டுதல் இன்னும் தளர்வு, அஞ்சு வருஷம் மாற்றமே இல்லன்னா ஃபாலோ-அப்பை நிறுத்தலாம்ங்குது, எனக்கு இதுல மனசு ஒப்பல, ஐபிஎம்என் வகைக்கட்டி (கணையக் குழாய்ல வளர்ற, சளி சுரக்குற வகை) இருக்குறவங்களுக்கு அஞ்சு வருஷம் தாண்டியும் கேன்சர் வந்திருக்கு, சில சமயம் கட்டியே இல்லாத வேற இடத்துல கூட.

அடுத்து சிஇஏ, அதாவது கட்டி நீர்ல அளக்குற ஒரு புரதம். இங்கதான் ரொம்ப பேர் தேவையில்லாம பயந்து போறாங்க. ஊசி விட்டு எடுத்த நீர்ல 192-க்கு மேல வந்தா கேன்சர்னு நினைச்சுக்குறாங்க, அப்படி இல்லவே இல்ல! 2004-ல வந்த ஆய்வுலேர்ந்து வந்த நம்பர் அது, கட்டி சளி சுரக்குற வகையா (பின்னால கேன்சரா மாற வாய்ப்புள்ள வகை) இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், அதையும் 79 சதவீதம்தான் சரியா சொல்லிச்சு. எவ்ளோ ஏறினாலும் கேன்சர் இருக்கான்னு சொல்லாது. அதே கேள்விக்கு நீர்ல குளுக்கோஸ் பாத்தாலே போதும், 50-க்கு கீழன்னா சளி வகையா இருக்க வாய்ப்பு அதிகம், கொஞ்சம் நீர் இருந்தாலே டெஸ்ட் பண்ணிடலாம்.

அதே நீர்ல பண்ற ஜீன் டெஸ்ட் நிஜமாவே வேற லெவல். கேராஸ், ஜிஎன்ஏஎஸ்ங்குற ஜீன்கள்ல மாற்றம் வந்தா ஐபிஎம்என் பக்கம் கை காட்டும். விஹெச்எல் ஜீன்ல மட்டும் வந்தா சீரஸ் கட்டி (சளி இல்லாத, தெளிஞ்ச நீர் வகை), அது கேன்சர் ஆகுறது அபூர்வத்துலயும் அபூர்வம், ஒரு பெரிய ஆபரேஷனே மிச்சம். கூடவே டிபி53 இல்லன்னா எஸ்மேட்4 ஜீன்லயும் மாற்றம் வந்தா நிலைமை முத்திடுச்சோன்னு யோசிக்கணும். குறை என்னன்னா எல்லா லேப்லயும் கிடையாது, ஊசி குத்துறதால சிலருக்கு கணைய அழற்சி வரும், ரிப்போர்ட் சுத்தமா வந்துட்டா கட்டியும் சுத்தம்னு அர்த்தம் கிடையாது. செல் டெஸ்டும் இதே கதை, நீர்ல செல்லே கம்மி, அதனால நிறைய தவற விடும், ஆனா பாசிடிவ்னு வந்தா நம்பித்தான் ஆகணும்.

அதனால ஸ்கேன்ல முடிச்சு தெளிவா இருந்தா ஜீன் டெஸ்டுக்குன்னு நாள் கடத்த வேண்டாம், ரெண்டுங்கெட்டான் நிலைன்னா அங்கதான் ஜீன் டெஸ்டுக்கு மதிப்பு. இன்னொண்ணு, பழைய ஸ்கேன் சிடிய தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க, ரெண்டு வருஷத்துல 5 மி.மீ. வளர்ந்துச்சாங்கறதே ஒரு முக்கியமான அடையாளம், பழைய படம் இல்லாம அத யாராலும் சொல்ல முடியாது.