அசைந்தால் மட்டும் பதிவா, 24 மணி நேரமுமா? மூன்றரை வருட கேமரா அனுபவம்

திருச்சி புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு கேமரா மாட்டி மூன்றரை வருடம் ஆகிறது. டிவிஆரோடு (கேமரா படங்களை டிஸ்கில் பதிவு செய்யும் பெட்டி) இணைத்த ஒயர் கேமரா நான்கு, ஹாலில் மெமரி கார்டு போட்ட வைஃபை கேமரா ஒன்று. மாட்டிக் கொடுத்த பையன் கிளம்பும்போது, “மோஷன்ல வச்சிட்டேன் சார், டிஸ்க் ரெண்டு மாசம் தாங்கும்” என்றான். அதாவது ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவாகும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருமே இல்லாத வாசலை ராத்திரி முழுக்கப் பதிவு செய்து என்ன பண்ணப் போகிறோம்?

ஐப்பசி வரை ஒரு தொந்தரவும் இல்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் கிளம்பியது. லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் ஈசல்மேல் கேமராவின் இன்ஃப்ராரெட் ஒளி பட்டால், திரையில் அது கைக்குட்டை அளவுக்கு வெள்ளையாகத் தெரியும். ஒரே இரவில் 300 கிளிப்புக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் போனில் அலர்ட். அப்புறம் சிலந்தி வலை, பல்லி, கொடியில் காயும் வேட்டி, தெருமுனையில் திரும்பும் வண்டியின் ஹெட்லைட். எங்கள் டிவிஆர் மாதிரி சாதாரண மோஷனுக்கு ஆள் எது, வேட்டி எது என்று தெரியாது. படத்தில் எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கும். வெறுத்துப்போய் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன். படத்தில் எங்கெங்கே அசைவைக் கவனிக்க வேண்டும் என்று குறிக்கும் கட்டங்களில், தெருப்பக்கம் இருந்தவற்றையும் அழித்துவிட்டேன். போன் அமைதியானது.

அதில் மாட்டிக்கொண்டவர் எங்கள் பால்காரர். கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்கும். விடிகாலை ஐந்து மணிக்கு முன்பே பாக்கெட்டை அதில் போட்டுவிட்டுப் போவார். ஒரு மாதத்தில் நான்கு நாள் பை காலியாக இருந்தது. கேட்டால், “போட்டேனே சார்” என்றார். கேமராவில் அந்த நாட்களைப் பார்த்தேன். 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவே ஒரு கிளிப்கூட இல்லை. “நீங்க வரவே இல்லையேண்ணே, கேமராவுல இல்லையே” என்று சொல்லி நான்கு நாள் காசைப் பிடித்துக்கொண்டேன். பால் வந்த நாட்களிலாவது அவர் கிளிப்பில் இருக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

சில மாதம் கழித்து, குடும்பத்தோடு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் வாசல் கேமராவைத் தொடர்பதிவுக்கு மாற்றினேன். திரும்பி வந்ததும் அதை மாற்ற மறந்துவிட்டேன். மறுபடி ஒருநாள் பால் இல்லை. இந்த முறை 4.40-லிருந்து ஓட்டிப் பார்த்தேன். வண்டியை நிறுத்தாமலே ஒரு பக்கம் சாய்ந்து பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுப் போகிறார். இருபது நிமிடம் கழித்து ஒரு தெருநாய் கேட்டில் முன்னங்காலை ஊன்றி நின்று, பாக்கெட்டை நிதானமாக உருவி எடுக்கிறது. எல்லாமே நான் அழித்த கட்டங்களுக்குள் நடந்திருக்கிறது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது தினமும் பாக்கெட்டை கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பையில் போடுகிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

மோஷன் பதிவில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். யாரும் வராவிட்டாலும் டைம்லைன் காலி, கேமரா கவனிக்காவிட்டாலும் காலி, கரண்ட் போயிருந்தாலும் காலி. மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் வந்தார் என்பதற்கு அது சாட்சி சொல்லும். வரவில்லை என்பதற்குச் சொல்லாது.

சரி, தொடர்பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பி, பழையதை அழிக்க ஆரம்பிக்கும். வீடியோவை இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265 முறை இருந்தால் ஏறக்குறைய பாதி இடம் போதும். எங்கள் பழைய டிவிஆரில் அது இல்லை. முதலில் இருந்தது சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க். தொடர்பதிவுக்கு மாறிய ஏழாவது மாதம் போய்விட்டது. அதனால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் அடுத்து வாங்கியது 2 டிபி கண்காணிப்பு டிஸ்க். பர்ப்பிள், ஸ்கைஹாக் என்று வருகிறதே, அந்த வகை, ராத்திரி பகலாக எழுதுவதற்கென்றே செய்தது. நான்கு கேமராவையும் தொடர்பதிவில் வைத்தால்கூட 23 நாள் நிற்கும்.

ஹால் கேமராவில் போனுக்கு வாங்கிய மெமரி கார்டைப் போட்டிருந்தேன். ஒன்பது மாதத்தில் செத்தது. ஆப் மட்டும் பதிவாகிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. தொடர்பதிவு வேண்டுமென்றால் ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று போட்ட, ஓயாமல் எழுதினாலும் தாங்கும் கார்டை வாங்குங்கள்.

தங்கை வீட்டு மொட்டைமாடியில் இருப்பது பேட்டரி கேமரா. பேட்டரியைக் காப்பாற்ற அது தூங்கிக்கொண்டே இருக்கும். உடல் சூட்டை உணரும் சென்சார்தான் எழுப்பிவிட வேண்டும். எழுந்து பதிவைத் தொடங்குவதற்குள் ஆள் பாதி தூரம் போயிருப்பார், முதுகுதான் கிடைக்கும். கத்திரி வெயிலில் தரையும் சுவரும் நம் உடம்பு அளவுக்குச் சூடாகிவிட்டால் சென்சாருக்கு ஆளே தெரிவதில்லை. மத்தியானம் நானே ஏறிப்போய் நடந்து பார்த்தேன்; மூன்று தடவையில் ஒரு தடவைதான் எழுந்தது. ஒயர் கேமராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. டிவிஆரில் முன்பதிவு என்ற அமைப்பு இருந்தால், அசைவுக்கு முந்தைய சில விநாடிகளும் சேர்ந்து பதிவாகும். எங்களுடையதில் 10 விநாடி வைத்திருக்கிறேன்.

இப்போது வாசல், கார் நிறுத்துமிடம் இரண்டும் 24 மணி நேரமும் பதிவாகின்றன. மோஷனை அணைக்கவில்லை. அழித்த கட்டங்களைத் திரும்பப் போட்டு, அலர்ட்டை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். அசைவு வந்த இடம் டைம்லைனில் வேறு நிறத்தில் தெரிவதால் தேடுவது சுலபம். கொல்லைப்புறம், மாடிப்படி இரண்டும் மோஷன் மட்டும். ஹால் கேமரா வீட்டைப் பூட்டிப் போகும்போது மட்டும் ஓடும். வீட்டுக்குள் நாள் முழுக்கப் பதிவு என்றால் அம்மா உட்காரவே மாட்டார். எதிர் வீட்டு அக்காவும், “தம்பி, எங்க வாசலும் நாள் பூரா அதுலதான் ஓடுதா?” என்று கேட்டார். நியாயம்தானே? வாசல் கேமராவைக் கீழே சாய்த்து, அவர்கள் வீட்டு வாசல் விழும் இடத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தேன்.

கரண்ட் பில் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒயர் கேமராவில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதிவு செய்யாத நேரத்திலும் கேமராவும் டிவிஆரும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்களுக்குச் சராசரி 25 வாட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட்.

எந்த முறையில் வைத்தாலும் மாதம் ஒருமுறை நேற்றைய பதிவை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன். போன மாதம் பார்த்தபோது கொல்லைப்புற கேமராவில் நான்கு நாளாக ஒன்றுமே இல்லை. அடாப்டர் எரிந்து கிடந்தது. மோஷனில் இருந்ததால், கொல்லைக்கு யாரும் போகவில்லை போல என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.