வீட்ல பாட்டு ரெக்கார்டிங்: ஸ்கார்லெட் சோலோவும் அதுல இருக்குற ஒரு சின்ன சுவிட்சும்

தங்கச்சி பாடுறத வீட்லயே ரெக்கார்ட் பண்ணலாம்னு ஆரம்பிச்சப்போ எங்கிட்ட இருந்தது ஒரு யூஎஸ்பி மைக்கும் பழைய லேப்டாப்பும் தான். அந்த மைக்ல ஹெட்போன் ஜாக் கிடையாது, அதனால அவ குரல் லேப்டாப்புக்குள்ள போய் ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஒரு சுத்து சுத்திட்டு தான் ஹெட்போனுக்கு வரும். முதல் நாளே சொன்னா, "அண்ணா, யாரோ என் பின்னாடியே நின்னு கூடவே பாடுற மாதிரி இருக்கு"ன்னு. சும்மா ஒரு சொற்கட்டு சொல்லிப் பாருன்னேன், "தகதிமி தகஜுணு"ல ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு ரெண்டா விழுது. பாட ஆரம்பிச்சா ரெண்டாவது ஆவர்த்தனத்துலயே தாளத்த விட்டு பின்னாடி இழுக்குறா. சின்ன வயசுலருந்து பாட்டு கத்துக்கிட்டவ, தாளம் அவ்ளோ சுத்தம், ஆனா லேட்டா வர்ற தன் குரலுக்காக தன்னையறியாம காத்துக்கிட்டு நிக்கிறா. அவ மேல தப்பே இல்லன்னு எனக்குப் புரிய ரெண்டு வாரம் ஆச்சு, அதுக்குள்ள நான் அவள எத்தனை தடவ "மறுபடியும் பாடு"ன்னு படுத்திட்டேன்னு நெனச்சா இன்னிக்கும் வருத்தமா இருக்கு.

கணக்கு என்னன்னா, 44100 சாம்பிள் ரேட்ல (செகண்டுக்கு 44100 துண்டா சத்தத்த எடுக்குறது) பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேர்த்து வச்சு எடுத்துக்குற துண்டுங்க, 512னு வச்சா ஒரு பக்கத்துக்கே 11.6 மில்லி செகண்ட், போக வர 23க்கு மேல போயிடும், டிரைவர் எடுத்துக்குற நேரம் வேற. சத்தம் காத்துல 1 மில்லி செகண்டுக்கு சுமார் 34 சென்டிமீட்டர் போகும், அப்போ 8 மீட்டர் தள்ளி இருக்குற ஸ்பீக்கர்ல தன் குரல கேட்டுக்கிட்டே பாடுற மாதிரி. கிடார், கீபோர்டு வாசிக்கிறவங்க கொஞ்சம் சமாளிச்சிடுவாங்க, பாடுறவங்களுக்கு கஷ்டம், ஏன்னா சொந்தக் குரல் எலும்பு வழியா உடனே காதுக்கு வந்துடுது, ஹெட்போன்ல வர்றது அதோட மோதுது. பஃபர 64க்கு இறக்கிப் பார்த்தேன், லேப்டாப் தாங்கல, பட் பட்னு சத்தம், அந்த டேக் எல்லாம் வீண்.

அப்புறம் தான் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ வாங்குனேன், மூணாவது ஜெனரேஷன். மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோட சேர்க்குற சின்னப் பெட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ்னு சொல்வாங்க. முன்பக்கத்துல டைரக்ட் மானிட்டர்னு ஒரு சுவிட்ச், அத போட்டா மைக் சிக்னல் ரெக்கார்டாக கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம் போகும், ஹெட்போன்ல கேக்குறதுக்கு மட்டும் கம்ப்யூட்டர சுத்தாம பெட்டிக்குள்ளயே திரும்பி உடனே வந்துடும். பஃபர் 1024 வச்சாலும் கவலை இல்ல. தங்கச்சி ஹெட்போன மாட்டி "த"ன்னு ஒரே ஒரு எழுத்து சொன்னா, உடனே என்னைத் திரும்பிப் பார்த்தா, அந்த மூஞ்சிய பார்த்ததும் குடுத்த காசு எனக்கு வந்துடுச்சு. அன்னிக்கு மூணாவது டேக்லயே பாட்டு முடிஞ்சுது.

இதுல எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. டைரக்ட் மானிட்டர போட்டதும் ரீப்பர்ல அந்த ட்ராக்கோட ரெக்கார்ட் மானிட்டரிங்க (பாடுறத சாஃப்ட்வேர் வழியா திருப்பிக் கேக்க வைக்கிறது) ஆஃப் பண்ணிடணும், இல்லன்னா ரெண்டு குரலும் சேர்ந்து வந்து பழைய கதை தான், சில சமயம் குழாய்க்குள்ள பேசுற மாதிரி கூட கேக்கும்.

குறைன்னா, டைரக்ட்ல வர்ற குரல் மொட்டையா இருக்கும், ரிவெர்ப் (ஹால்ல பாடுற மாதிரி வர்ற எதிரொலி) கிடையாது, ரிவெர்ப் இல்லாம பாடவே வராதுங்கறவங்க நிறைய பேர். அதுக்கு நான் பண்றது இது: ரீப்பர்ல மானிட்டரிங்க ஆன்லயே விட்டுட்டு அந்த ட்ராக்ல ரிவெர்ப் போட்டு ட்ரை (நேர் குரல்) சுத்தமா கேக்காத அளவுக்கு இறக்கிட்டு, வெட் (ரிவெர்ப்) மட்டும் தேவையான அளவு. நேர் குரல் பெட்டியிலருந்து உடனே வரும், ரிவெர்ப் மட்டும் 20, 30 மில்லி செகண்ட் லேட்டா வரும், ரிவெர்ப்புக்கு அந்த லேட் உறுத்தவே உறுத்தாது, பெரிய ஹால்ல எதிரொலி எப்பவும் கொஞ்சம் தள்ளித்தானே வரும். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் தங்கச்சி வேற எப்படியும் பாட மாட்டேங்குறா.

இன்னொரு குறை, சுவிட்ச்ல ஆன் ஆஃப் மட்டும் தான், குரல் எவ்ளோ, ரீப்பர்லருந்து ஓடுற தம்புரா எவ்ளோன்னு கலந்து வைக்க குமிழ் கிடையாது, ரீப்பர்ல ட்ராக் சத்தத்த கூட்டிக் குறைச்சு தான் சமாளிக்கணும். மைக் போட ஒரே ஒரு இடம் தான், பாட்டும் மிருதங்கமும் ஒண்ணா மைக் வச்சு எடுக்கணும்னா இது ஆகாது. ரிவெர்ப பெட்டிக்குள்ளயே போட்டுக் குடுக்குறதும் இருக்கு, ஸ்டெயின்பெர்க் யூஆர்22சி மாதிரி, பட்ஜெட் இருந்தா அத பாருங்க.

ஹெட்போன் மட்டும் கண்டிப்பா வயர் வச்சதா இருக்கட்டும். ப்ளூடூத் போட்டா அதுவே 100, 200 மில்லி செகண்ட் தின்னுடும், அப்புறம் எந்த இன்டர்ஃபேஸ் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. சோலோவுல ஹெட்போன் ஓட்டை பெருசு, 6.35 எம்எம், சின்ன பின் வச்ச ஹெட்போன்னா அடாப்டர் ஒண்ணு கூடவே ஆர்டர் பண்ணிடுங்க, நான் பண்ணல, பெட்டி வந்த அன்னிக்கு பக்கத்துல வச்சுப் பார்த்துட்டே உக்காந்திருந்தோம்.