வினாத்தாளா, கதைப்புத்தகமா? ஒரு சீனத்து எட்டாம் வகுப்பு மேசையிலிருந்து

குவாங்சோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் "ஆங்கிலம் தெரிந்த வெளிநாட்டுக்காரர்" என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், அப்புறம் லிஃப்டில் நிம்மதியாக ஏறி இறங்க முடியாது. கீழ்வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். மகள் எட்டாம் வகுப்பு, இரண்டாம் பருவம். இலக்கணம் பரவாயில்லை, காதால் கேட்டுப் பதில் சொல்வதும் பரவாயில்லை, பத்தியைப் படித்து விடை குறிக்கும் பகுதியில்தான் மதிப்பெண் வழுக்குகிறதாம். சாப்பாட்டு மேசையில் வாங்கிக் குவித்திருந்தார்: செங்கல் தடிமனில் தேர்வு வினாத் தொகுப்புகள், நியூ கான்செப்ட் இங்கிலிஷ் இரண்டாம் புத்தகம், ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் கதைகள் ஐந்தாறு, மாணவர்களுக்கான ஆங்கில வாரப் பத்திரிகை ஒரு கட்டு, ஓர் அகராதிப் பேனா. இதில் எதைப் படிக்கச் சொல்வது, எதை ஒளித்து வைப்பது என்பதுதான் கேள்வி. அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததும், அந்தப் பெண்ணோடு நாலைந்து தடவை உட்கார்ந்து பார்த்ததும்தான் இது.

முதலில் பின்னணி. சீனாவில் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் சேர்ந்ததுதான் கீழ்நடுநிலைப் பள்ளி. ஒன்பதாவது முடிவில் ஜொங்காவ் என்ற தேர்வு. எந்த மேல்நிலைப் பள்ளியில் இடம் என்பதையும், இடம் உண்டா என்பதையும் தீர்மானிப்பது அதுதான். சீனமொழி, கணக்கு, அடுத்து ஆங்கிலம். நாடு முழுக்க ஒரே தாள் கிடையாது, ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் எழுத்துத் தாளில் வாசிப்புதான் பெரிய பங்கு. பெய்ஜிங்கை எடுத்துக்கொண்டால் கேட்டல், பேச்சுக்குத் தனியாக 40, எழுத்துத் தாளுக்கு 60, அந்த 60இல் பாதிக்கு மேல் பத்தி படித்துப் பதில் சொல்வதற்கே போய்விடும். முன்பெல்லாம் சனி, ஞாயிறு டியூஷனில் தள்ளிவிட்டு அம்மாக்கள் நிம்மதியாக இருந்தார்கள். 2021 ஜூலையில் அரசு கொண்டுவந்த "இரட்டைக் குறைப்பு"க் கொள்கை வார இறுதியிலும் விடுமுறையிலும் பாட டியூஷன் நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது; எழுதும் வீட்டுப்பாடமும் நாளைக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது, அதுவும் எல்லாப் பாடமும் சேர்த்து. ஆக, டியூஷன் வாத்தியார் முடிவு செய்துகொண்டிருந்தது இப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. ஆங்கில வாசிப்புக்கு மிஞ்சுவது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதனால்தான் எது என்ற கேள்விக்கு இவ்வளவு கனம். நேரம் ஏராளமாக இருந்தால் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போகலாமே.

வினாத் தொகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஆட்சி அதனுடையதுதான். கேள்விகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தள்ளுவதற்குச் சீனத்தில் ஷுவா-தி என்று பெயர். ஷுவா என்றால் பிரஷ் போட்டுத் தேய்ப்பது. பாத்திரம் தேய்க்கிற மாதிரி கேள்வியைத் தேய்க்கிறார்கள், சரியான பெயர்தான். கடைகளில் அடுக்கியிருப்பதில் பிரபலமானது ஐந்தாண்டுத் தேர்வுத் தாளும் மூன்றாண்டு மாதிரித் தாளும் சேர்ந்த தொகுப்பு. பிள்ளைகள் செல்லமாக வூ-சான், அதாவது ஐந்து-மூன்று என்பார்கள். இந்த வழியை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சொல்வது, சொல்லாததை ஊகிக்கச் சொல்வது, பத்தியின் மையக் கருத்தைக் கேட்பது, தெரியாத சொல்லுக்குச் சுற்றுப்புறத்தை வைத்துப் பொருள் சொல்லச் சொல்வது என்று கேள்விகளில் சில வகைகள்தான் உண்டு, அவற்றின் முகம் பழகிவிட்டால் பதற்றம் பாதி குறையும். பத்தியில் வந்த அதே சொற்களை அப்படியே தூக்கிப் போட்டிருக்கும் விடை பெரும்பாலும் பொறி, 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்லும் விடையைச் சந்தேகி, இப்படிக் குறுக்கு வழிகளும் கற்றுக்கொள்வார்கள். ஊகக் கேள்வி வரும்வரை இந்தக் குறுக்கு வழிகள் நன்றாகவே ஓடும்.

அந்தப் பெண்ணும் இதில் கைதேர்ந்தவள்தான். பிறகு ஏன் மதிப்பெண் விழுகிறது? ஒரு சின்னச் சோதனை செய்தேன். அவள் ஐந்து கேள்வியில் மூன்றைத் தப்பாகக் குறித்திருந்த பத்தி ஒன்றை அவளுடைய அம்மாவைவிட்டுச் சீனத்தில் சொல்லச் சொன்னேன். அதே கேள்விகள், அதே விடைகள். ஐந்தும் சரி. அப்புறம் ஆங்கிலப் பத்தியில் தெரியாத சொல்லையெல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். 280 சொல் பத்தியில் 23 வட்டம். இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? அவளுக்கு ஊகிக்கத் தெரியாமல் இல்லை, விடை குறிக்கத் தெரியாமலும் இல்லை. பத்தியே ஓட்டைச் சல்லடையாக இருக்கிறது.

ஹூ என்ற ஆய்வாளரும் பால் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் சொல்வது: யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க அதில் உள்ள சொற்களில் 98 சதவீதமாவது தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச்சொல். 280 சொல் பத்தியில் ஐந்தாறுக்கு மேல் தாங்காது. இருபத்துமூன்றோடு நாளைக்கு நாலு பத்தி தேய்த்தால், பழகுவது வாசிப்பு இல்லை, வாசிக்காமல் சமாளிக்கிற வித்தை. வினாத் தொகுப்பு ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும். ஒரு நாளைக்கு நாலு முறை வாயில் வைத்தாலும் காய்ச்சல் இறங்காது.

இங்கே நமக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நம்மூர்ப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பஸ், டிக்கெட், டாக்டர், பென்சில், கம்ப்யூட்டர் என்று நூற்றுக்கணக்கில் ஆங்கிலச் சொற்களைச் சும்மாவே வைத்திருக்கிறது. சீனம் அப்படிக் கடன் வாங்குவது குறைவு. ரயில் அங்கே 'தீ வண்டி', கம்ப்யூட்டர் 'மின் மூளை', தொலைபேசி 'மின் பேச்சு'. அழகான சொற்கள்தான், ஆனால் ஆங்கிலப் பத்தியில் 'ட்ரெயின்' என்று பார்த்தால் எதையும் ஞாபகப்படுத்தாது. ஒவ்வொரு சொல்லையும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதமும் இல்லாததால், 'மிஸ்டர் கிரீன்' வந்தாரென்றால் பச்சையாக என்ன வந்தது என்று ஒரு நொடி தடுமாறுகிற பிள்ளைகளும் உண்டு.

சரி, நியூ கான்செப்ட். எல்.ஜி. அலெக்ஸாண்டர் 1967இல் எழுதியது, 1997இல் சீனாவுக்கென்று திருத்திய பதிப்பு வந்தது, இன்றைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் 96 பாடம். ஒவ்வொன்றும் குட்டிக் கதை, கடைசி வரியில் ஒரு சிரிப்பு. இதை வரிக்கு வரி பிரித்துப் படித்து மனப்பாடமே செய்துவிடுவது சீன வழக்கம். உருப்போடுவது என்றாலே இப்போது முகம் சுளிக்கிறார்கள், எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. ஜிங்-து, அதாவது ஆழ்ந்து படித்தல், செய்கிற ஒரு வேலையை வேறெதுவும் செய்யாது: வாக்கிய முடிச்சை அவிழ்ப்பது. 'மாமா லண்டனில் வாங்கிய புத்தகம்' என்கிறோம் இல்லையா, சீனத்திலும் அதே வரிசைதான், மாமா, லண்டன், வாங்கிய, புத்தகம். நமக்குப் பெயரெச்சம் முன்னால் வருகிற மாதிரியே அவர்களுக்கும் வருணனை முழுக்க முன்னால் வந்து பெயர் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் நின்றுகொண்டு, எந்தப் புத்தகம், யார் வாங்கியது, எங்கே என்பதெல்லாம் பின்னால் வாலாகத் தொங்கும். வால் எங்கே முடிகிறது, வாக்கியத்தின் உண்மையான வினை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் தவிப்பார்கள், அதனாலோ என்னவோ எனக்கு இதை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. வாரத்துக்கு ஒரு பாடம் இப்படிப் பிரித்துப் போட்டால் தேவலாம். ஆனால் அளவைப் பாருங்கள்: 96 பாடத்தையும் கூட்டினாலும் இரண்டு மூன்று சின்னக் கதைப்புத்தகத்துக்குத்தான் வரும். ஒரு வருடம் முழுக்க இதையே கட்டிக்கொண்டு அழுதால் கண் ஓடிப் பழகவே பழகாது.

கண் ஓடுவதற்குத்தான் ஃபான்-து, பரந்த வாசிப்பு. அரசின் பாடத்திட்டமே இதைச் சொல்கிறது என்பது பல அம்மாக்களுக்குத் தெரியாது: ஒன்பதாவது முடிக்கும்போது 1600 சொல்போலத் தெரிந்திருக்க வேண்டும், பாடப்புத்தகத்துக்கு வெளியே மொத்தம் 1,50,000 சொல்லாவது படித்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் பிரித்தால் நாளைக்கு 140 சொல்கூட ஆகாது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, ஆனால் தேர்வுப் பத்திகளாகவே அதை எட்ட ஐந்நூறு பத்தி வேண்டும். கதைப்புத்தகமாகப் படித்தால் இருபது புத்தகம் போதும். புக்வோர்ம்ஸ் போன்ற படிநிலைக் கதைகளில் முதல் படி 400 அடிப்படைச் சொற்களுக்குள், இரண்டாவது 700, மூன்றாவது 1000, நான்காவது 1400 என்று ஏறும். முதல் படிப் புத்தகம் ஒன்று ஐந்தாறாயிரம் சொல் இருக்கும், மூன்றாவதில் பத்தாயிரத்தை ஒட்டும். என் தேர்வு இதுதான், அதுவும் இரண்டாம் படியிலிருந்து.

அம்மாவுக்கு இதுதான் கசந்தது. மகள் பாடத்தில் ஆயிரம் சொல் தாண்டியாகிவிட்டது, 700 சொல் புத்தகம் என்றால் அது குழந்தைகளுக்கு ஆயிற்றே, பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலாவது படி படிக்கிறதே என்றார். படிக்கிறதா, கையில் வைத்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு மூன்று தெரியாத சொல் இருந்தால் சரி, ஏழெட்டு இருந்தால் ஒரு படி கீழே இறங்கு. இதை மட்டும் சொன்னேன். இன்னொரு இடைஞ்சல், சீனப் பதிப்பில் ஆங்கிலத்தோடு சீன மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கும். தாய்மொழி எழுத்து பக்கத்திலேயே இருக்கும்போது பதிமூன்று வயதுக் கண் ஆங்கிலத்தில் தங்குமா? ஓர் அட்டையை வெட்டி மறைத்துக் கொடுத்தேன், அத்தியாயம் முடிந்த பிறகு வேண்டுமானால் எடுத்துப் பார்.

இந்தக் கதைகளுக்கும் குறை இல்லாமல் இல்லை. 700 என்றால் பாடப்புத்தகத்தின் அதே 700 என்று நினைத்துவிடக்கூடாது. கதையில் வாளும் வேலைக்காரனும் கப்பலும் வரும். தேர்வில் மறுசுழற்சி, தன்னார்வலர், மாசு, விண்வெளி நிலையம் வரும். இந்தப் பள்ளத்தை நிரப்புவது வாரப் பத்திரிகை. சைனா டெய்லி குழுமத்தின் 21ஆம் நூற்றாண்டு மாணவர் பத்திரிகை ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பதிப்பே போடுகிறது. பாண்டா, அதிவேக ரயில், விண்வெளி வீரர்கள், பண்டிகை உணவு, எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிகள். அதுவே பலம், அதுவே ஓட்டையும். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் படிக்காமலே பதில் சொல்லிவிட முடிகிறது. ஒரு பாண்டாக் கட்டுரைக்கு அவள் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நாலில் மூன்றைச் சரியாகக் குறித்தாள், சிரித்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு கட்டுரை, ஒன்பதாம் வகுப்பில் இரண்டு.

மிச்சம் பேனா. சொல்லின்மேல் இழுத்தால் சின்னத் திரையில் சீனப் பொருளைக் காட்டும், உச்சரிக்கவும் செய்யும். தடித்த அகராதியில் புரட்டுகிற நேரம் மிச்சம், உச்சரிப்புக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் வாசிக்கும்போது கையில் கொடுத்தால் நாலாவது பக்கத்திலிருந்து பேனாதான் வாசிக்கிறது, பிள்ளை திரையைப் பார்க்கிறது. சுற்றுப்புறத்தை வைத்துப் பொருள் ஊகிப்பது தேர்விலேயே ஒரு கேள்வி வகை. அந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளுவது இந்தச் சாமான்தான். தேர்வறைக்குள் அதைக் கொண்டுபோகவும் முடியாது.

ஆக, நான் அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு பக்கம்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்புக் குளிர்கால விடுமுறை வரைக்கும் தினமும் இருபது நிமிடம் கதை, கேள்வி கிடையாது, படித்ததை இரவுச் சாப்பாட்டில் சீனத்திலேயே சொன்னால் போதும். சனிக்கிழமை நியூ கான்செப்ட் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை ஒன்று. வினாத் தொகுப்பு மாதத்துக்கு ஒரு தாள், நேரம் வைத்து, நிஜத் தேர்வு மாதிரி. குளிர்கால விடுமுறைக்குப் பிறகு ஜூன் வரைக்கும் தலைகீழ், தாள்களைத் தேய்க்கலாம், அதுவும் சொந்த ஊரின் பழைய தாள்களை மட்டும். பெய்ஜிங் தாளில் வரும் கேள்வி வகை குவாங்சோவில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏற்கெனவே பத்திக்கு நாலைந்து வட்டத்துக்குமேல் போடாத பிள்ளையாக இருந்தால் இந்தச் சீட்டு பொருந்தாது, அவர்கள் நேராகத் தாளுக்கே போகலாம், அவர்களுக்குக் குறை நிஜமாகவே கேள்வியில்தான்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், வினாத் தொகுப்பை மட்டும் மேசையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை, அது அங்கேயே இருக்கிறது. பேனாவை வீட்டில் எங்கே வைத்தாலும் மகள் கண்டுபிடித்துவிடுகிறாள் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். சீனத்தின்மேல் இழுத்தாலும் ஆங்கிலம் காட்டுமாம். இப்போது கடையில் சோயா சாஸ் பாட்டில்களைத் திருப்பித் திருப்பி நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.