துறை அலசலுக்கு எது உதவும்: பொருளாதாரச் சுழற்சியா, ஒப்பீட்டு வலிமையா?

ஒரு பங்கின் விலை நகர்வில் அது சார்ந்த துறையின் போக்குக்குக் கணிசமான இடம் உண்டு என்பதை டிரேடிங் செய்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்தத் துறையில் எப்போது நுழைவது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்ற இடத்தில்தான் வழிகள் பிரிகின்றன. பொருளாதாரம் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணித்து, அதற்கேற்ற துறையை எடுப்பது ஒரு வழி. ஒரு துறையின் பங்கு விலைகளைத் தொகுத்துக் காட்டும் துறைக் குறியீட்டை, முழுச் சந்தையையும் காட்டும் பொதுச் சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டு, விலை காட்டும் வலிமையைப் பின்தொடர்வது மற்றொரு வழி. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு நான் இரண்டாவதைக் கைக்கொண்டேன்.

சுழற்சி முறையின் கவர்ச்சி அதன் தர்க்கத்தில் இருக்கிறது. மந்தநிலையிலிருந்து மீளும்போது நிதித்துறை முந்தும், வளர்ச்சியின் பிற்பகுதியில் எரிசக்தி ஏறும், சரிவின்போது மருந்தும் அன்றாட நுகர்பொருளும் தாங்கி நிற்கும் என்ற வரிசை பலருக்கும் மனப்பாடம். வரிசையில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இன்று எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது இன்றைக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்க மந்தநிலைகளின் தொடக்கத்தையும் முடிவையும் வரையறுக்கும் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம், 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை 2008 டிசம்பர் 1 அன்றுதான் அறிவித்தது. அது 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு 2010 செப்டம்பரில் வந்தபோது, அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 2009 மார்ச் அடிமட்டத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அறிவிப்புக்காக யார் காத்திருக்கிறார்கள், முன்னறிவிப்புக் குறிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் பெரிதும் நம்பப்படுவது, அமெரிக்க அரசின் 2 ஆண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டியைத் தாண்டும் தலைகீழ் நிலை. அது 2022 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தும் அந்தக் காலத்துக்கு மந்தநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதை நம்பி, தற்காப்புத் துறை எனப்படும் மின்சாரம், எரிவாயு, குடிநீர் விநியோக நிறுவனங்களில் ஒதுங்கியவர்களுக்கு 2023 இழப்பில் முடிந்தது. அதே ஆண்டில் தகவல் தொழில்நுட்பத் துறை 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

ஒப்பீட்டு வலிமைக்கு இந்தத் தாமதம் இவ்வளவு இல்லை. துறைக் குறியீட்டின் வார இறுதி விலையைப் பொதுக் குறியீட்டின் வார இறுதி விலையால் வகுத்து, வரும் விகிதத்தைக் கோடாக வரைந்தால் போதும். கோடு மேல்நோக்கிச் சென்றால் அந்தத் துறை சந்தையை முந்துகிறது. ஏன் முந்துகிறது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. 2022இல் எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 19 சதவீதம் சரிந்தபோது எரிசக்தித் துறை 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இந்தக் கோட்டை வாராவாரம் பார்த்தவருக்கு அந்தப் பிளவு நடந்துகொண்டிருக்கும்போதே தெரிந்திருக்கும். திருப்பத்தின் முதல் சில வாரங்களை இம்முறை எப்போதும் தவறவிடும் என்பதும், பக்கவாட்டில் அலையும் சந்தையில் போலிச் சைகைகள் தந்து தரகுச் செலவைக் கூட்டும் என்பதும் மறுக்க முடியாதவை. ஓராண்டுத் தாமதத்துக்குப் பதில் சில வாரத் தாமதம் என்பதால் அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகிறது.

கோட்டை அப்படியே நம்புவதற்கு முன் குறியீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சந்தை மதிப்பின்படி எடை தரப்படும் அமெரிக்க நுகர்வோர் விருப்பப் பொருள் (அத்தியாவசியமல்லாத பொருள்கள், சேவைகள்) குறியீட்டில் அமேசானும் டெஸ்லாவும் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், அந்த இரண்டு பங்குகளின் ஏற்றமே துறையின் ஏற்றமாகத் தோன்றக்கூடும். எல்லாப் பங்குகளுக்கும் ஒரே எடை தரும் சம எடைக் குறியீட்டிலும் அதே போக்கு தெரிந்தால்தான் நான் பங்குகளைத் தேடத் தொடங்குவேன். துறைகளின் எல்லையும் நிலையானதல்ல: விசாவும் மாஸ்டர்கார்டும் 2023 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து நிதித்துறைக்கு மாற்றப்பட்டதால், அந்தத் தேதியைக் கடந்து நீளும் விகிதக் கோட்டை ஒரே சீராக வாசிப்பது தவறாகும்.

நான் பழகியது வாரக் கணக்கில் வைத்திருக்கும் வர்த்தகம் மட்டுமே. ஒரே நாளில் வாங்கி விற்பவர்களுக்கும், துறைக் குறியீட்டில் விரல்விட்டு எண்ணும் பங்குகளே உள்ள சிறிய சந்தைகளுக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்பதில் என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுழற்சி முறையையும் நான் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. இரண்டு துறைகளின் கோடுகள் ஏறக்குறைய ஒரே வலிமையைக் காட்டும்போது, வட்டி விகிதம் செல்லும் திசை எதற்குச் சாதகம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அதைப் பயன்படுத்துகிறேன்.