பிளஸ் ஒன் குரூப் சொல்ல 3,500 ரூபாய்: இரண்டு நட்சத்திரம்

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மகளுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்த வாரம், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அவளுக்கு இன்ஜினியரிங்தான், அதில் குழப்பமில்லை. லீவு விட்டால் கடைக்கு வந்து, எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரில் எந்தக் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது என்று சோதனை பல்பு (சீரிஸ் லாம்ப்) வைத்துப் பார்த்துச் சொல்லுகிற பிள்ளை. பயாலஜியோடு மேத்ஸா, கம்ப்யூட்டரோடு மேத்ஸா என்பதுதான் கேள்வி. மச்சான் ஒரு வழிகாட்டி மையத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினார். பெயர் வேண்டாம், போனதை மட்டும் சொல்கிறேன்.

பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டது பதினொன்றே முக்காலுக்கு. ஏசி உண்டு. கம்ப்யூட்டரில் ஒன்றரை மணி நேரப் பரீட்சை. முடிந்ததும் 22 பக்கத்துக்கு வண்ண வண்ணமாக ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங் வேறு. பதினான்காம் பக்கத்தில் 'இம்மாணவன் மருத்துவத் துறையில் சிறந்து விளங்குவான்' என்று இருந்தது. மகள் படித்துவிட்டு, "அப்பா, இது வேற யாரோடதோ" என்று சிரித்தாள். ஆலோசனை சொல்கிற மேடம் முகம் மாறாமல், "டெம்ப்ளேட்ல வந்துடுச்சு சார்" என்றார்.

அப்புறம் ஆலோசனை. பயாலஜி குரூப் எடுத்தால் நீட்டும் எழுதலாம், இன்ஜினியரிங்கும் போகலாம் என்றார். அது சரிதான். "நான் நீட் எழுதப்போறதில்லையே மேடம்" என்று இவள் சொன்னதும் பேச்சு அப்படியே திரும்பிவிட்டது: "அப்போ கம்ப்யூட்டர் குரூப்தான். அதை எடுக்காட்டி பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது." நானும் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது தப்பு என்று தெரிந்தது இரண்டு நாள் கழித்து, கடையில். ரிப்பேருக்குக் கொடுத்த சப்மெர்சிபிள் மோட்டாரைத் திரும்ப வாங்க வந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பில் புக்கை இழுத்து, பில்லின் பின்பக்கம் எழுதினார். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்பட இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் பார்க்கிற, 200-க்கான கட்ஆஃப் மார்க் இவ்வளவுதான். கணக்கில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 90 வாங்கினால் 88, 42, 45, ஆக 175. "நாலாவது சப்ஜெக்ட் எங்கீங்க சார்?" என்றேன். "அது இந்தக் கூட்டல்ல வராதுங்க. பயாலஜி படிச்ச பிள்ளையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாம்" என்றார். கணக்கில் ஒரு மார்க் போனால் முழுசாக ஒன்று போகும், மற்ற இரண்டிலும் அரைதான் போகும்.

பிறகு, பத்தாவதில் கணக்கு எவ்வளவு என்று கேட்டார். 78. "அப்போ நீங்க கவலைப்பட வேண்டியது குரூப்புக்கு இல்லீங்க" என்றார். அந்த மையத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி இது.

அவர் சொன்னதில் என் மண்டையில் ஏறியது இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே அணிகளும் நுண்கணிதமும் ஒரு பேப்பராக இருந்தன, கூடவே இயற்பியல், வேதியியல், பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி. பைத்தானை அங்கே முதலிலிருந்து சொல்லித்தந்தார்கள். நுண்கணிதம் அப்படியில்லை. அதற்கு அஸ்திவாரம் பிளஸ் ஒன் கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, முதல் வருஷத்திலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2018-ல் முதல் தேர்வு நடந்தது. 2025-26-லிருந்து அதையும் எடுத்தாயிற்று. அதனால், சேர்க்கும் முன்னால் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை யாரையாவது பிடித்து, போன வருஷம் நுண்கணிதத்தின் ஆரம்பமான லிமிட்ஸ் நடத்தினார்களா என்று கேட்கச் சொன்னார். நாங்கள் கேட்டோம். ஒரு பள்ளி அதிலேயே அடிபட்டுப்போனது.

மோட்டாருக்கு அன்றைக்கு அவரிடம் கூலி வாங்கவில்லை.

மையத்தைப் பற்றி நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேடம் என்னைப் பத்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். மனப்பாடம் செய்வதென்றால் தனக்குப் பயம், பயாலஜி படம் வரைந்து பாகம் குறிப்பதற்கே ராத்திரி அழுததுண்டு என்று அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது. கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்ததற்குக் காரணம் அதுதான், ரிப்போர்ட் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் இரண்டு நட்சத்திரமும்.

கிளம்பும்போது ரிசப்ஷனில் ஜேஇஇ கோச்சிங் நோட்டீஸ் ஒன்றைக் கையில் திணித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம், இன்றே கட்டினால் ரிப்போர்ட் காசைக் கழித்துக்கொள்வார்களாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நகர்ந்துவிட்டேன். பதினான்காம் பக்கத்தைத் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை.

என்ன படிப்பதென்றே பிடிபடாத பிள்ளை இருந்தால் கூட்டிப்போகலாம். ஆனால் 3,500-ஐயும் முதலிலேயே எண்ணி வைக்காதீர்கள். ஆயிரம் கட்டினாலே உள்ளே விடுகிறார்கள், மீதியை ரிப்போர்ட் வாங்கும்போது தரலாம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் அப்படித்தான் கட்டினார்.